மச்சானை மலையிலிருந்து இறக்கிய நாள்

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்ட ஒரு வாரநாள் அது. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, என் கணவரும் நானும் சித்தன்னவாசலுக்குப் போனோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேரும் தனியாக ஊர் சுற்றக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அந்த முதல் தடவையிலேயே மனுஷரை மலையில் பறிகொடுத்துவிட்டு வந்திருப்பேன். அல்லாதான் காப்பாற்றினான்.

எங்கள் ஊர் இதே மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருப்பார். அப்படிப் போய்ச் சம்பாதிக்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் சபுராளி என்று பெயர். என் மச்சானும் சபுராளிதான். மச்சான் என்றதும் அத்தை மகன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் கட்டின புருஷனையே மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு அவர் சவூதிக்குப் பயணம் போனார். அங்கே ஒரு கம்பெனியில் பஸ் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்து பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே எப்போது திரும்பப் போகிறார் என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிடும். எல்லா லீவையும் சேர்த்துக் கூட்டினால்கூட நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது ரொம்பக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் போனில் நடத்திய குடித்தனம்.

சபுராளி வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். போனில் நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சலா, விட்ட பிறகு சொல்லலாம். மாமி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாரா, கட்டுப் பிரித்த பிறகு சொல்லலாம். அந்த வெயிலில் தனியாக வண்டி ஓட்டுகிற மனுஷரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பதறுவார், சோறு இறங்காது, ஓடி வரவும் முடியாது. நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி எனக்குச் சொல்லிவைத்த முதல் சங்கதியே இதுதான். அவரும் அந்தப் பக்கத்திலிருந்து அப்படித்தான். எப்படி இருக்கீங்க என்று நான் கேட்பேன். அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே என்பார். நானும் நல்லா இருக்கேன் என்பேன். இதையே கேட்டு, இதையே சொல்லி இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

அதற்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவர் கேன்சலில் வந்துவிட்டார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதைத்தான் அப்படிச் சொல்வோம். ஏன் திடீரென்று என்று கேட்டதற்கு, போதும், உடம்பு அலுத்துப்போச்சு என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதற்கு மேல் தோண்டித் துருவவில்லை. மனுஷர் இனி இங்கேயேதான் இருக்கப்போகிறார் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். புதுத் தலையணை தைத்தேன். சாயங்காலமானால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடற்கரைக்குப் போகலாம், சந்தைக்குப் போய் மீன் வாங்கலாம் என்று ஒரு சின்னப்பெண் மாதிரி மனக்கோட்டை கட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அங்கே ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டிப் பழகிவிட்டது, இங்கே சரிப்படாது என்றார். அந்தி சாய்ந்தால் வெளியே கிளம்ப மாட்டார். விடியற்காலை பஜ்ருக்கும் இரவு இஷாவுக்கும் பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதார். தெருவில் சொந்தக்காரர்கள் பக்கவாட்டில் சலாம் சொல்லிக்கொண்டு போவார்கள், இவர் பாட்டுக்கு நேரே பார்த்து நடப்பார். உங்க வீட்டுக்காரருக்கு சவூதிக் கனம் இன்னும் இறங்கலையோ என்று என் அண்ணன் மனைவி வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்குள் நிலைப்படியில் இடித்துக்கொள்வார். கீழே வைத்த டீ கிளாஸைக் காலால் தட்டிவிடுவார். எனக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கீங்க என்று கத்துவேன். அவர் சிரித்துவிட்டுத் துணியை எடுத்து அவரே துடைப்பார்.

நாள் ஆக ஆக எனக்கு ஒரே ஒரு பயம்தான் பிடித்துக்கொண்டது. மனுஷருக்கு இந்த ஊரும் ஒட்டவில்லை, நானும் ஒட்டவில்லை. இத்தனை வருஷமாகப் போனில் கேட்ட குரலைப் பிடித்திருந்தது, நேரில் வந்து பார்த்தால் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் வேறு விசா வந்துவிட்டது என்று பெட்டியைக் கட்டப்போகிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மகளிடம்கூட வெட்கமாக இருந்தது.

மகளைப் புதுக்கோட்டை டவுனில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பொங்கல் லீவுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தா முகமே சரியில்லையே, ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்கம்மா என்று அவள்தான் ஆரம்பித்தாள். சித்தன்னவாசலில் மலையடிவாரத்தில் பார்க் இருக்கிறது, படகு விடுகிறார்கள், மேலே ஏறினால் காற்று நன்றாக இருக்கும் என்றாள். அவர் முதலில் மாட்டேன் என்றார். மகள் கெஞ்சியதும் சரி என்றுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு வீம்பு. மலை மேலே கொண்டுபோய் உட்காரவைத்து, என்கூட இருக்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையா என்று நேராகவே கேட்டுவிடுவது. அதற்காகத்தான் போனேன். மற்றபடி மலை ஏறுகிற உடம்பா இது?

பார்க்கில் அன்று கூட்டமே இல்லை. மரத்தடியில் நடப்பதற்குப் போட்டிருந்த பாதையில் வயதானவர்கள் நாலைந்து பேர் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். ஊஞ்சல்கள் காலியாக இருந்தன. எங்கேயோ மயில் அகவியது. பையில் இருந்த புளிச்சோற்றையும் தண்ணீர் பாட்டிலையும் அவரே தூக்கிக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் மலையைப் பார்த்துவிட்டு வந்து படகில் போகலாம் என்று முடிவு செய்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஏறும்போது அவர் என்னைவிட நன்றாக ஏறினார். மலை என்றால் காடு கிடையாது, ஒரே பாறை. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவருக்குப் படி முகத்துக்கு நேரே இருக்கும். அவர் குனிந்து, கையையும் ஊன்றி, கிடுகிடுவென்று போனார். நான் பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். இத்தனை வருஷம் பிரியாணி தின்னது எங்கே போச்சு என்று என்னைக் கிண்டல் செய்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு குகை. அந்தக் காலத்துத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் வரிசையாக இருந்தன. தலையணைக்குக்கூடக் கல்லிலேயே மேடு செதுக்கியிருந்தார்கள். சவூதியில் எங்களுக்கு ரூமில் போட்ட கட்டிலைவிட இது அகலம் என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

திரும்பி உச்சிக்கு வந்து உட்கார்ந்தோம். சுற்றிலும் கண்மாய், வயல், பனைமரம். அங்கிட்டுப் பாரு, ஆடு மேய்க்கிறவர் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு என்று எங்கேயோ காட்டினார். கண்ணை இடுக்கிப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் குடை தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்கிறவருக்குக் கண்ணில் குறை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அவர் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் கேட்டுவிடலாம் என்று, திரும்பப் போகிற நினைப்பு ஏதும் இருக்கா மச்சான் என்றேன்.

அதற்கு அவர், "இனிமே என்னைய யாரு புள்ள கூப்புடப் போறா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போக ஆசைதான், கூப்பிட ஆள் இல்லாததால் இங்கே கிடக்கிறேன் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்க நினைத்த மிச்சத்தைக் கேட்கவே இல்லை. வெயில் வந்துட்டுது, இறங்கலாம் என்று எழுந்துவிட்டேன். நீ முன்னால போ, நான் மெல்ல வாரேன் என்றார். அதுவும் எனக்குக் கோபம். சேர்ந்து வந்தால் குறைந்தா போய்விடுவார் என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று படியில் இறங்கினேன்.

பாதி தூரத்தில் படி ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதைத் தாண்டி இறங்கிய பிறகும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். படி திரும்புகிற இடத்தில் அவர் திரும்பாமல் நேராகவே போயிருக்கிறார். படியை விட்டு விலகி, வழுவழுவென்று சரிந்து கிடக்கிற வெறும் பாறையில் உட்கார்ந்திருந்தார். நடக்கப் பழகாத பிள்ளை மாடிப்படியில் இறங்குமே, அந்த மாதிரி உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு கையால் பாறையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாகக் கீழே நீட்டினார். அந்தக் கால் போன பக்கத்தில் பாறை செங்குத்தாக இறங்கியது. கீழே கல்லும் முள்ளும்தான்.

முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறு நிமிஷமே விளையாட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. "மச்சான், அசையாதீங்க" என்று கத்தினேன். அவர் நகராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவருக்குக் கீழே, கூப்பிடு தூரம்கூட இல்லை, பளீரென்ற வெயிலில் கறுப்புப் பர்தாவோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

"எங்கிட்டு புள்ள நிக்கிற?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததும் டீ கிளாஸ், நிலைப்படி, பள்ளிவாசல், சலாம் எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தன. யா அல்லா என்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஏறினேன். பாறைச் சரிவில் எனக்கும் நிற்க வரவில்லை. நானும் உட்கார்ந்து நகர்ந்துதான் அவர் பக்கத்தில் போனேன். போய் அவர் கையைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் கை சில்லென்று வேர்த்திருந்தது.

என்ன செய்கிறது என்று கேட்டேன். நேரே பார்த்தால் நன்றாகத் தெரிகிறது, கீழேயும் ஓரத்திலும் ஒன்றும் தெரிவதில்லை என்றார். ஏதோ வண்டியில் ஒரு சின்ன ரிப்பேர் மாதிரி அதைச் சொன்னார். எத்தனை நாளாக என்றேன். அங்கே இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டதாம். லைசன்ஸ் புதுப்பிக்கப் போனபோது கண் டெஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். அதோடு வேலை போய்விட்டது. உடம்பு அலுத்துப்போய் வந்தேன் என்றதெல்லாம் எனக்காகச் சொன்னது.

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஏறி வந்தார்கள். திருவரங்குளம் பக்கத்து விவசாயக் குடும்பம். மகள் கல்யாணத்துக்கு அன்னவாசலில் பத்திரிகை வைக்க வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்தோமே என்று மலையையும் பார்க்க வந்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்தம்மா எங்களைப் பார்த்துவிட்டு நின்று, என்னக்கா, அண்ணனுக்கு ஒடம்பு முடியலையா என்று கேட்டார்.

ஒன்றுமில்லைங்க, நல்லா இருக்காரு, சும்மா உக்காந்திருக்கோம் என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. உயிர் போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பதிலா அது? பழக்கம் அப்படி. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு அந்தம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "எனக்குக் கண்ணு தெரியலம்மா, எறங்க முடியல" என்றார்.

ஏழெட்டு மாதமாக ஒரே வீட்டில் என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களுக்குக் கீழ்ப்பக்கம் பாறை சரிகிற ஓரத்தில் போய்க் காலை அகட்டி நின்றார். அந்தம்மா அவருக்குப் பக்கத்தில் நின்றார். "நீங்க பாட்டுக்கு நகந்து வாங்கக்கா. ஓரத்துல நாங்க நிக்கிறோம்" என்றார். நாங்கள் படி வரைக்கும் நகர நகர, அவர்களும் ஓரத்தை விடாமல் கூடவே நகர்ந்து வந்தார்கள். நாங்கள் சறுக்கியிருந்தால் அவர்கள் மேல்தான் விழுந்திருப்போம். அது தெரிந்துதான் அங்கே நின்றார்கள்.

படிக்கு வந்த பிறகு எப்படி இறங்குவது என்று ஒரு யோசனை. கையைப் பிடித்து இறக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து தடுமாறினோம். கடைசியில் நான் ஒரு படி முன்னால் இறங்கி நின்று, என் தோளில் கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் தெருவில் இந்தக் காட்சியை யாராவது பார்த்திருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பார்கள். அங்கே ஆம்பளை முன்னால் போவார், பெண்டாட்டி நாலு எட்டு தள்ளிப் பின்னால் போவாள். நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். சின்னப் படி. பெரிய படி. இங்கிட்டுத் திரும்புது, இடது பக்கம் ஒடிச்சுத் திரும்புங்க. நில்லுங்க. சரி, வாங்க. தவறி ஒரு படியைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அவர் விரல்கள் என் தோளில் அழுந்தும். உடனே சொல்வேன்.

கொஞ்சம் இறங்கியதும் அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. "இத்தன வருசம் கண்டக்டர் இல்லாமயே பஸ் ஓட்டிட்டேன் புள்ள" என்றார். ரைட், ரைட், போகலாம் என்றேன் நான். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகம் அவருக்குத் தெரியாத பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடிவாரத்துக்கு வந்ததும் அவர்கள் மலை பார்க்காமலேயே கிளம்பினார்கள். இறங்கிட்டோம்ல, இன்னொரு நாள் பார்த்துக்கிறோம் என்றார் அந்தம்மா. பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அண்ணனையும் கூட்டிட்டு வந்துருங்க என்று கொடுத்துவிட்டுப் போனார். பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாத எங்களுக்குப் பத்திரிகை.

பார்க்கில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. நடக்கப் போட்ட பாதையில் ஆள் போவதைக்கூடப் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ கவலைப்படுவாய் என்றார். போனில் குடித்தனம் நடத்தியபோது இருந்த அதே கட்டுப்பாடு.

"நான் என்ன மச்சான் கடலுக்கு அங்கிட்டா இருக்கேன்? ஒங்க பக்கத்துலதானே படுத்துக் கெடக்கேன்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிற வியாதியாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், நிறுத்தினால் நேர்ப் பார்வையும் போய்விடும் என்று அங்கே டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மருந்து பெட்டிக்கடியில் துணிக்குள் கிடந்தது. நான் பார்த்தால் என்ன ஏது என்று கேட்பேனாம். அதனால் ஊருக்கு வந்த நாளிலிருந்து மருந்தே விடவில்லை. கேட்டதும் எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. உன்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் தனியா விட்டுட்டேன், இப்ப வந்து உனக்குப் பாரமா உக்கார மனசில்ல என்றார். என்னைப் பிடிக்காமல் ஒதுங்குகிறார் என்று நான் நினைத்தேன். எனக்குப் பாரமாகிவிடுவோம் என்று அவர் ஒதுங்கியிருக்கிறார்.

நான் ஓய்ந்த பிறகு அவர் மெதுவாக, நீ எங்கிட்ட எதையும் மறைச்சதில்லையா புள்ள என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். மாமியும் நானுமாகத் தஞ்சாவூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவரிடம் போனில் பேசினேன். அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன், இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம் என்றேன். அடுத்த லீவில் வந்தபோதும் சொல்லவில்லை. அப்புறம் பிள்ளை உண்டாகாததை அல்லாவின் நாட்டம் என்று அவர் விட்டுவிட்டார். தழும்பைப் பார்த்துக் கேட்டபோது குடல்வாலுக்கு எடுத்தது என்று சமாளித்தேன். இவ்வளவையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். கோபப்படுவார், ஒரு பிள்ளை விஷயத்தைக்கூட மறைத்துவிட்டாயே என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினார். நேரே பார்த்தால்தான் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

"ரொம்ப வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

நான் அழுதேன். பார்க், ஆட்கள், பர்தா எதுவும் நினைவில்லை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். எவ்வளவு ஆச்சு, எந்த டாக்டர், எத்தனை நாள் படுக்கை. வலித்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆமா மச்சான், ரொம்ப வலிச்சுச்சு என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். படகில் ஏறவே இல்லை. புளிச்சோற்றை ஆளுக்குப் பாதி சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம்.

அந்த வாரமே மகளும் மருமகனும் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய கண் டாக்டரிடம் காட்டினார்கள். மருந்து விடாத மாதங்களில் இன்னும் கொஞ்சம் பார்வை போயிருந்தது. அது திரும்பாது என்றுவிட்டார்கள். நேர்ப் பார்வை மிஞ்சியிருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தலாம் என்றார்கள். ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு காலையிலும் இரவிலும் சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். ஒருநாள் தவறியதில்லை. திருவரங்குளத்துக் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போய், முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இப்போதும் மகள் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் சித்தன்னவாசலுக்குப் போகிறோம். மலை ஏறுவதில்லை. அடிவாரத்துப் பாதையில் என் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். ஊரிலும் அப்படித்தான் நடக்கிறோம். முதலில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பெண்டாட்டி முன்னால் போனால் புருஷன் விழாமல் வந்து சேருவார் என்று எனக்கும் பதில் சொல்லத் தெரியும். மனுஷர் இனி திரும்பப் போகமாட்டார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே கிடையாது.

சில நாள் அவர் தூங்கும்போது, மருந்து விட்ட அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பார்வை இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனால், இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வலியைக் கேட்க என் பக்கம் முழுசாகத் திரும்பிய அந்த முகத்தைப் பார்க்க, கடைசிவரைக்கும் எனக்குக் கண் இருந்தால் போதும் என்று தோன்றுகிறது.